கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: வருத்தம் வருமுன் ஒரு பரிசோதனை

(எமது கல்லூரியின் நூற்றாண்டையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசுவதற்கு எத்தனையோ நல்ல விடயங்கள் இருக்க, இந்தத் தலைப்பை ஏன் எடுத்தோம் என்று சிலருக்குத் தோன்றலாம். சங்கத்தார் எம்மிடம் "பெண்களின் ஆரோக்கியம் பற்றி ஏதாவது" பேசும்படிதான் கேட்டார்கள். ஏதாவது என்றால் சத்துணவைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கியிருக்கலாம். ஆனால் இந்த மண்டபத்துக்குள் வரும்போது, வலப்பக்கச் சுவரில் மாட்டியிருக்கும் வலைப்பந்தாட்டக் குழுப் படங்களில் ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். அந்தப் படத்தில் இரண்டாவது வரிசையில் நிற்கும் ஒருத்தி இன்று இங்கே இல்லை. அவளைப் பற்றிப் பேச அவளுடைய வீட்டாரிடம் அனுமதி கேட்டோம். பெயரைச் சொல்லாமல் பேசச் சொன்னார்கள்.

அதற்கு முன்னர் ஒரு சிறிய கதை. எமது வகுப்பில் விஞ்ஞானப் பாடத்தில் இனப்பெருக்கம் என்ற அலகு வந்தபோது, பூவின் மகரந்தச் சேர்க்கையை இரண்டு கிழமை படித்தோம். மனித இனப்பெருக்கம் வந்தது. "இதை வீட்டிலை வாசிச்சுக்கொண்டு வாங்கோ, பிள்ளையள்" என்று சொல்லிவிட்டு ஆசிரியை அடுத்த அலகுக்குப் போய்விட்டார். வீட்டில் வாசித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விடயம். அந்த ஆசிரியையைக் குறைசொல்லவில்லை. அவருக்குக் கற்பித்தவர்களும் அப்படித்தான் கடந்து போயிருப்பார்கள். ஆனால் அன்று பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போனதற்கான விலையை நாற்பது வயதில் வைத்தியசாலையில் பார்க்கிறோம். தனக்குள் கருப்பைக் கழுத்து என்று ஒரு உறுப்பு இருப்பதே தெரியாமல், அந்த உறுப்பில் நோய் முற்றிய பிறகு வருகின்ற படித்த பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். பட்டதாரிகள், ஆசிரியைகள், வங்கியில் வேலை செய்பவர்கள்.

ஆகவே இன்று அந்த அலகைப் படிப்போம்.

கருப்பை ஒரு கவிழ்த்து வைத்த பேரிக்காய் போன்றது. அதன் ஒடுங்கிய கீழ்ப்பகுதி யோனிக்குள் திறக்கிறது. அதுதான் கருப்பைக் கழுத்து. பிள்ளை பிறக்கும்போது விரிந்து கொடுக்கும் வாசல் அதுவே. அந்த வாசலில் இரண்டு வகைக் கலங்கள் சந்திக்கும் ஒரு வளையம் இருக்கிறது. அங்கே கலங்கள் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பதால் வைரசு ஒன்று குடியேறுவதற்கு அது வசதியான இடம். மனித பப்பிலோமா வைரசு, சுருக்கமாக எச்.பி.வி. என்கிறோம். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் காரணம் இந்த வைரசே. இதில் பல வகைகள் உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு பங்கு நோய்க்குக் காரணமாகின்றன. இதைக் கண்டறிந்த ஜேர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரசு உடலுறவின் மூலம் தொற்றுகிறது. இந்தச் சொல்லை இந்த மண்டபத்தில் ஒலிவாங்கியில் சொல்வது இதுவே முதல் தடவையாக இருக்கலாம். சொல்லத்தான் வேண்டும். ஏனெனில், இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டதனால் வருகின்ற பயம் நோயைவிடப் பொல்லாதது. திருமணமாகி ஒரே துணையோடு வாழும் பெண்ணுக்கும் இந்த வைரசு வரலாம். தொற்றியவர்களுக்கு அது தெரிவதேயில்லை. பல ஆண்டுகள் உடலில் சத்தமில்லாமல் கிடந்துவிட்டுப் பிறகு பரிசோதனையில் தெரியவரலாம். ஆகவே "எச்.பி.வி. இருக்கிறது" என்று முடிவு வந்தால் அது யாருடைய ஒழுக்கத்துக்குமான சான்றிதழ் அல்ல. மறுமொழித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணவரைச் சந்தேகித்து அழுத பெண்களையும், கணவர் தன்னைச் சந்தேகிப்பாரோ என்று தாளைக் கிழித்தெறிந்த பெண்களையும் நாம் கண்டிருக்கிறோம். தடிமன் வைரசு போல, வாழ்க்கையில் ஒருமுறையேனும் பெரும்பாலானோரைத் தொட்டுப் போகும் வைரசு இது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே அதைத் துரத்திவிடும்.

துரத்தாமல் விட்ட சிலரில்தான் பிரச்சினை. அங்கேயும் அது அவசரப்படுவதில்லை. வைரசு தங்கி, கலங்கள் மெல்ல மாறி, புற்றுநோயாக முற்றுவதற்கு வழமையாக 15 தொடக்கம் 20 ஆண்டுகள் ஆகும். நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களில் இது விரைவாக நடக்கலாம். இந்த நீண்ட இடைவெளியைக் கவனியுங்கள். எமது தொழிலில் வேறு எந்தப் புற்றுநோயும் இவ்வளவு தவணை தருவதாக நாம் காணவில்லை. இருபது ஆண்டுகள் என்றால், ஒரு பிள்ளையைப் பாலர் வகுப்பில் சேர்த்துப் பல்கலைக்கழகத்தில் விடுகின்ற காலம். அவ்வளவு காலமும் அந்த இடத்தைப் பார்த்தால் தெரியும். ஆனால் அவ்வளவு காலமும் பெண்ணுக்கு ஒரு நோவும் இல்லை, ஒரு அறிகுறியும் இல்லை. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

இப்போது எமது தோழிக்கு வருவோம்.

அவள் எங்கள் குழுவின் உப தலைவி. பந்து கையில் வந்தால் யாருக்கும் விடமாட்டாள். படிப்பு முடிந்து, திருமணம் செய்து, இரண்டு பிள்ளைகள். நாம் வேலை செய்த வைத்தியசாலைக்கு மாதம் தவறாமல் தாயைக் கூட்டிக்கொண்டு நீரிழிவு கிளினிக்குக்கு வருவாள். கையில் ஒரு பிளாஸ்ரிக் கோப்பு. அதற்குள் தாயின் இரத்தப் பரிசோதனைகள் திகதி வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். எத்தனையோ தடவை ஓடையில் நின்று பேசியிருக்கிறோம். "நீ எப்பிடி இருக்கிறாய்?" என்று கேட்டால், "எடி, எனக்கு ஒண்டுமில்லை, அம்மாவின்ரை சீனியைப் பார்" என்பாள். நாமும் சிரித்துவிட்டுத் தாயின் கோப்பைப் பார்த்தோம்.

அவளுக்கு 35 வயதானபோது குடும்பநல உத்தியோகத்தர், அதாவது ஊரில் நாம் "மிஸ்" என்று கூப்பிடுகிறவர், வீட்டுக்கு வந்து கிளினிக்குக்கு வரும்படி துண்டு கொடுத்திருக்கிறார். அந்தத் துண்டு அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. 42 வயதில் மாதவிடாய்க்கு இடையில் இரத்தம் படத் தொடங்கியது. "நிக்கப் போற காலம், அப்பிடித்தான் இருக்கும்" என்று அயலில் யாரோ சொன்னார்கள். உறவுக்குப் பிறகும் இரத்தம் பட்டது. அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஓராண்டுக்கு மேல் அப்படியே போனது. அந்த ஓராண்டிலும் அவள் தாயின் கிளினிக்கைத் தவறவிடவில்லை. நோ தாங்காமல் வந்து எமக்குச் சொன்னபோது நோய் கழுத்தைத் தாண்டிப் போய்விட்டது. கதிர்ச் சிகிச்சை, மருந்து எல்லாம் செய்தோம். 45 ஆவது பிறந்தநாளை அவள் காணவில்லை.

ஓடையில் நின்று பேசிய அந்தத் தடவைகளில் ஒன்றிலாவது "நீ பரிசோதனை செய்தனியா?" என்று நாம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வைத்தியராக இருந்தும் தோழியிடம் அதைக் கேட்க ஒரு கூச்சம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாள்களில் நாமும் எமக்கான பரிசோதனையைச் செய்திருக்கவில்லை. 35 வந்தது, போனது. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டோம். தெரிந்தவர்கள் மத்தியில் அந்தக் கட்டிலில் படுக்க வெட்கம் என்பதே உண்மையான காரணம். 39 வயதில்தான் போனோம். செய்தது ஐந்து நிமிடம். மூன்று நாளைக்கு முதலே வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்ததை நினைத்து வெளியில் வந்து சிரித்தோம்.

என்ன செய்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறோம், பாதிப் பயம் அதில் போய்விடும். தனி அறை, திரை, பெரும்பாலும் பெண் வைத்தியர் அல்லது தாதி. மேலே ஒரு துணியால் மூடிக்கொண்டு மல்லாந்து படுக்க வேண்டும். ஒரு சிறு கருவியால் யோனியை மெல்ல விரித்துக் கருப்பைக் கழுத்தைப் பார்ப்பார்கள். மரக்கரண்டி போன்ற ஒரு தகட்டாலோ சிறு தூரிகையாலோ மேலாக வழித்து, கண்ணாடித் துண்டில் பூசி ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். வெட்டுவதில்லை, ஊசியில்லை. கொஞ்சம் அசௌகரியம் உண்டு, நோவு என்று சொல்லுமளவுக்குப் பெரும்பாலானோருக்கு இல்லை. மூச்சை இழுத்துவிட்டு உடம்பைத் தளர்த்தினால் இன்னும் இலகு. மாதவிடாய் நாள்களைத் தவிர்த்துப் போக வேண்டும். அதற்கு முந்திய இரண்டு நாள்களில் உள்ளே வைக்கும் மருந்து, கிறீம் எதுவும் பாவிக்கக்கூடாது. அவ்வளவுதான்.

இதற்குப் பாப் பரிசோதனை என்று பெயர் வந்தது, கிரேக்கத்தில் பிறந்து நியூயோர்க்கில் வேலை செய்த ஜோர்ஜ் பப்பனிகொலாவு என்ற வைத்தியரால். அவர் தமது ஆய்வு நூலை ஹேர்பேர்ட் ட்ரோட் என்பவருடன் சேர்ந்து 1943 இல் வெளியிட்டார். எமக்கு அவரைவிட அவருடைய மனைவி மேரியைத்தான் அதிகம் பிடிக்கும். ஒரு சோர்வும் இல்லாமல் பல ஆண்டுகள் தன்னிடமிருந்தே மாதிரி எடுக்கக் கொடுத்து அந்த ஆராய்ச்சிக்கு உதவியவர் அவர். பின்லாந்து 1960களில் நாடு முழுவதற்கும் இந்தப் பரிசோதனையை ஒழுங்குபடுத்தியது. அங்கே இந்த நோயால் இறப்பவர்களின் தொகை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது.

ஒழுங்கு என்ற சொல் முக்கியம். ஒருமுறை செய்த பாப் பரிசோதனை சில மாற்றங்களைத் தவறவிடலாம். நோய் மெதுவாக நகர்வதால், அடுத்த தடவை அது அகப்படும். "பத்து வருசத்துக்கு முதல் செய்தனான், நல்லம் எண்டவை" என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறோம்.

முடிவு சரியில்லை என்று வந்தால் உடனே புற்றுநோய் என்று நினைத்து இடிந்துபோகக் கூடாது. பெரும்பாலும் அது புற்றுநோய்க்கு வெகு முந்திய மாற்றம். அடுத்ததாக, உருப்பெருக்கும் கருவியால் கழுத்தைப் பார்ப்பார்கள். அசற்றிக்கமிலத்தை ஒற்றினால், அதாவது வினாகிரியில் உள்ள அதே பொருள்தான், மாறிய இடம் வெள்ளையாகத் தெரியும். தேவையென்றால் சிறு துணுக்கு எடுத்துச் சோதிப்பார்கள். பிறகு அந்த இடத்தை மட்டும் சூட்டினால் அழிக்கலாம், அல்லது விறைக்க ஊசி போட்டு ஒரு கம்பி வளையத்தால் மெல்லச் சீவி எடுக்கலாம். கருப்பையை எடுப்பதில்லை. எம்மிடம் வந்த ஒரு ஆசிரியைக்கு இப்படித்தான் நடந்தது. ஒரு வருத்தமும் இல்லாமல், தோழி ஒருவருக்குத் துணையாக வந்தவர், "வந்தது வந்தனான், எனக்கும் எடுங்கோ" என்றார். தோழிக்கு எல்லாம் சரி. துணைக்கு வந்தவருக்குத்தான் மாற்றம் இருந்தது. காலையில் சிகிச்சை முடிந்து பின்னேரம் வீட்டுக்குப் போய், தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்ததாகச் சொன்னார். இப்போது அவர் ஓய்வுபெற்றுப் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்.

எமது நாட்டில் 1996 இல் சுவநாரி கிளினிக்குகள் தொடங்கப்பட்டன. சுகவனிதையர் கிளினிக் என்றும் சொல்வார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடப்பவை. பணம் எதுவும் இல்லை. 35 வயதிலும் 45 வயதிலும் பரிசோதனைக்கு அழைப்பார்கள். குருதி அழுத்தம், சீனி, மார்பகம் எல்லாவற்றையும் அதே நாளில் பார்த்துவிடுவார்கள். வைரசையே நேரடியாகத் தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனையும் எமது நாட்டுக்கு வந்திருக்கிறது. அது பாப் பரிசோதனையைவிடக் கூர்மையானது.

இங்கே முன்வரிசையில் இருக்கும் எமது மூத்த சகோதரிகளிடம் ஒரு வார்த்தை. 1996 என்று சொன்னோம். அந்த ஆண்டில் எமது ஊர்கள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 95 இடப்பெயர்வுக்குப் பிறகு கூரைக்கும் அரிசிக்கும் அலைந்த காலம். உங்களில் பலர் 35 ஐயும் 45 ஐயும் போருக்குள்ளேயே கடந்தவர்கள். உங்களுக்கு அந்தத் துண்டு வந்து சேரவேயில்லை. அதே ஆண்டுகளில் போலியோச் சொட்டுமருந்து நாளுக்காகச் சண்டை நிறுத்தப்பட்டபோது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்களும் நீங்களே. உங்களுக்கென்று ஒரு வரிசையில் நீங்கள் நின்றதில்லை. "இந்த வயசிலை உதுக்கெல்லாம் போறதே?" என்று கேட்காதீர்கள். முன்னர் ஒருபோதும் செய்யாதவர்கள் 55 இலும் 60 இலும் ஒருமுறையாவது செய்துகொள்வது நல்லது. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் பட்டாலும், நாற்றத்தோடு வெள்ளை பட்டாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியரிடம் போக வேண்டும். கருப்பையை எடுத்துவிட்டார்கள் என்பவர்கள், கழுத்தையும் சேர்த்து எடுத்தார்களா என்று சத்திரசிகிச்சைத் துண்டைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். திருமணமாகாத சகோதரிகள் சங்கடப்பட வேண்டியதில்லை. உடலுறவே இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, பெரும்பாலும் இந்தப் பரிசோதனை தேவைப்படாது. மற்றப் பரிசோதனைகளுக்கு வாருங்கள்.

வெளிநாடுகளில் இருக்கும் எம்மவர்களின் கதை வேறு. உங்களுக்குத் துண்டு தபாலில் வருகிறது, இப்போது தொலைபேசியிலும் வருகிறது. ஆங்கிலத்தில் வருவதால் வரிக் கடிதத்தோடு சேர்ந்து லாச்சிக்குள் போய்விடுகிறது. பிரித்தானியாவில் 25 தொடக்கம் 64 வயது வரை அழைக்கிறார்கள். இங்கிலாந்தில் 2025 ஜூலை முதல், எச்.பி.வி. இல்லை என்று முடிவு வந்தவர்களுக்கு 50 வயதுக்குக் கீழும் ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை. அவுஸ்திரேலியாவில் 25 தொடக்கம் 74 வரை, ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவை. அங்கே 2022 ஜூலை முதல் யார் விரும்பினாலும் ஒரு பஞ்சுக் குச்சியால் தாங்களே மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம். ஒருவரும் பார்க்கத் தேவையில்லை. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 முதல் அந்த வசதி உண்டு. ஒன்ராறியோவில் 2025 மார்ச்சிலிருந்து எச்.பி.வி. பரிசோதனைக்கு மாறியிருக்கிறார்கள். வெட்கந்தான் தடை என்றால் அந்தத் தடையும் விலகிக்கொண்டு வருகிறது. பெண் தாதி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் அதையும் கேட்டுப் பாருங்கள். மகளையோ மருமகளையோ வைத்து மொழிபெயர்ப்பித்தால் பாதி உண்மை வெளிவராது, இது எமது அனுபவம்.

தடுப்பூசி பற்றியும் கேட்பீர்கள். 2017 முதல் எமது நாட்டுப் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி இரண்டு தடவை ஏற்றப்படுகிறது. இந்தக் கல்லூரியிலும் ஏற்றுகிறார்கள். பிள்ளை பிறக்காது என்று ஒரு வதந்தி உலாவுகிறது. அது பொய். சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வைக்கத் தயங்கும் பெற்றோர் உங்களிடம் யோசனை கேட்டால், நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை எமது பத்து வார்த்தைக்குச் சமம். வைரசைச் சந்திக்கு முன்னர் போட்டால்தான் அது முழுப் பலன் தரும், அதனாலேயே அந்த வயது. ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை ஆகையால், இந்தப் பிள்ளைகளும் வளர்ந்த பிறகு பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2020 இல் ஒரு இலக்கு வைத்தது. 2030 க்குள் 15 வயதுக்கு முன்னர் நூற்றுக்குத் தொண்ணூறு சிறுமிகளுக்கு ஊசி, நூற்றுக்கு எழுபது பெண்களுக்கு 35 இலும் 45 இலும் பரிசோதனை, நோய் கண்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சிகிச்சை. 2022 இல் மாத்திரம் உலகத்தில் ஏறத்தாழ 350,000 பெண்கள் இந்த நோயால் இறந்தார்கள். பெரும்பாலானோர் எம்மைப் போன்ற நாடுகளில். ஊசியில் எமது நாடு குறைசொல்ல முடியாமல் செய்கிறது. நடுவில் உள்ள அந்த எழுபதுதான் எட்டவில்லை. தாய்மார் பிள்ளையைக் கொண்டுவருகிறார்கள், தாங்கள் வருகிறார்களில்லை.

எமது தோழியின் மகள் இதே கல்லூரியில்தான் படித்தாள். அவள் தரம் 6 இல் இருந்தபோது தாயே கையெழுத்து வைத்து ஊசி போடுவித்தாள்.

இந்தச் சங்கத்தின் தலைவி ஒரு உதவி செய்திருக்கிறார். மண்டபத்தின் பின்புறம், தேநீர் மேசைக்குப் பக்கத்தில், எமது பிரிவின் குடும்பநல உத்தியோகத்தர்கள் இருவர் பதிவேட்டோடு இருக்கிறார்கள். பெயரும் பிறந்த ஆண்டும் சொன்னால், உங்கள் வீட்டுக்குக் கிட்டிய கிளினிக் எது, எந்தக் கிழமை என்று எழுதித் தருவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போனதும் லாச்சியைத் திறந்து பாருங்கள். மலரில் இதை வாசிப்பவர்கள் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் நாளைச் சொல்வார்கள். தனியே போக வெட்கமாக இருந்தால் எங்கள் ஆசிரியை செய்தது போல இரண்டு பேராகப் போங்கள். எமது வகுப்பில் இப்போது ஆறு பேர் ஒரே நாளில் போய்விட்டு, வரும் வழியில் றோல்சும் தேநீரும் குடித்துவிட்டு வருகிறோம்.